துண்டு எட்டாத மேசை

ஏலக்காய்க்கு விலை பேசும்போது போடியில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. மண்டிக்காரரும் தோட்டக்காரரும் பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் தோளில் கிடக்கும் துண்டு இரண்டு பேருடைய கைகளின் மேலும் விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். விரலை முழுதாகப் பிடித்தால் பத்து, நுனியைத் தொட்டால் ஒன்று. நூறு எத்தனை என்பது அன்றைய சந்தைக்கே தெரியும் என்பதால் அதைப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியோ, குரங்கணி வழியில் பாறை உருண்டு ஜீப்பு நின்றதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கும் விலை தெரியாது. பேரம் படிந்தாலும் துண்டை உதறித் தோளில் போடுவார்கள், படியாவிட்டாலும் அப்படித்தான்.

ஞானபாக்கியம் இந்தக் காட்சியைக் கல்யாணமான நாளிலிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துவந்தவள். முன்னறையில் அவள் கணவர் ஜேசுதாஸ் பாயில் உட்கார்ந்து வியாபாரம் செய்வார். பின்னறையில் அவள், மடிமேல் சாய்வுப் பலகையை வைத்துக்கொண்டு, குனிந்த கழுத்தோடு மண்டிக் கணக்கை எழுதுவாள். டீச்சர் பயிற்சி முடித்தவள். வேலைக்குப் போகாத படிப்பு இப்படியாவது பயன்படட்டும் என்று ஜேசுதாஸ் சொல்லுவார். அந்தப் பயனில் அவளுக்கு நடுமுதுகில் ஒரு வலி வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

1977 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் ஜேசுதாஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகள்கள் இரண்டு பேரும் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தார்கள். ஜேசுதாஸின் தம்பி சுந்தரராஜுக்கு அதே கடைவீதியில் எதிர்வரிசையில் சொந்த மண்டி இருந்தது. அவன் காலையில் வந்து அண்ணனுடைய பாயில் உட்காருவான். பொழுது சாய்ந்த பிறகு எந்தச் சரக்கு என்ன விலைக்கு முடிந்தது என்று அவன் சொல்ல, அவள் எழுதிக்கொள்வாள். கொஞ்ச நாளில் அவள் ஒன்றைக் கவனித்தாள். கொழுந்துப் பச்சையாக, விம்மிய காயாக வருவதெல்லாம் எதிர்வரிசைக்குப் போயின. வெளிறிய காயும் வெடித்த காயும் இந்தப் பக்கம் தங்கின. கேட்கத்தான் முடியவில்லை. துண்டுக்குள் நடந்ததற்கு யார் சாட்சி?

1979 சித்திரையில் சுந்தரராஜே பேச்சை எடுத்தான்.

“ரெண்டு மண்டி எதுக்கு மதினி? நான் ஒருத்தன் எம்புட்டு ஓடுறது? ஆவணியில இருந்து ஒண்ணாப் போட்டுருவோம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது மாசம் பொறந்தா வீடு தேடி வந்துரும்.”

“இந்த வருசம் நானே உக்கார்றேன் தம்பி.”

“எங்க? பாயிலயா?” அவன் சிரிக்கவில்லை. “யாரு கையப் பிடிப்பீக?”

அவளுக்கு முகம் சூடாகியது. “மேசை போட்டு உக்கார்றேன்” என்றாள்.

சுந்தரராஜ் கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டைச் சுமப்பவன். அண்ணன் சம்பாதித்தது குடும்பத்துக்கு வெளியே போய்விடக்கூடாது என்று நினைப்பவன். குடும்பம் என்றால் தான்தான் என்று அவனுக்குத் தானாகவே தோன்றியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

“சரி. காய் பறிக்கிறதுல முதல் எடுப்பு, ரெண்டாம் எடுப்பு, ரெண்டையும் பாப்போம். அண்ணன்கிட்ட வந்தவுக உங்ககிட்ட வந்தா மண்டி உங்களோடது. நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலேன்னா நான் சொன்னபடி. ஆனா ஒண்ணு, சில்லறைக் காய் வந்ததெல்லாம் கணக்குல சேராது. ராஜாராமண்ணன் வரணும்.”

அது நியாயமான பேச்சுதான். குரங்கணிக்கு மேலே சரிவில் பெரிய தோட்டம் ராஜாராமுடையது. அவருடைய ஜீப்பு எந்த மண்டி வாசலில் நிற்கிறதோ, அங்கேதான் மற்றவர்களின் மூட்டையும் இறங்கும்.

அலுவலகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஞானபாக்கியத்துக்கு ஒரே ஒரு மாதிரிதான் தெரியும். அது பேங்கு மேனேஜர் அறை. டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனபோது அந்த அறையை நன்றாகப் பார்த்துவைத்தாள். அகன்ற மேசை. மேனேஜருக்கு முதுகு சாய நாற்காலி. எதிரில் வருகிறவருக்கு ஒரு மரநாற்காலி. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக, காத்திருப்பவர்களுக்கு நீள பெஞ்சு. வந்தவர்கள் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார்கள், சட்டென்று எழுந்து போனார்கள். மேனேஜர் ஏதோ வேலையாக வெளியே போன நேரத்தில் அவள் எழுந்து மேசையின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்தாள். வாசலில் நின்ற பியூன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆசாரி மொக்கையன் அளவைக் கேட்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். “இம்புட்டு அகலமா? இதுல பாய விரிச்சுப் படுக்கலாமேக்கா.”

“படுக்கிறதுக்கு இல்ல. தள்ளி உக்காந்து பேசுறதுக்கு.”

“வார்னிஷ் அடிச்சா மூஞ்சி தெரியும். அடிச்சுருவமா?”

“என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்ன செய்ய? வார்னிஷே கூடாது. ஏலக்காய் பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தைக் குடிச்சுரும். வார்னிஷ் மணக்குற காயை எந்த வடநாட்டுக்காரன் வாங்குவான்?”

பலா மரத்தை உப்புத்தாள் போட்டு இழைய இழையத் தேய்த்ததோடு மேசை வேலை முடிந்தது. வைகாசியிலேயே வெள்ளையடித்து முடித்தாள், காய் வரும் காலத்துக்குள் சுண்ணாம்பு வாடை அடங்கிவிட வேண்டும் என்று. வடக்குச் சுவரில் இருந்த சின்ன ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினாள். காயின் பச்சையை நேர் வெயிலிலும் பார்க்கக்கூடாது, டியூப் லைட்டிலும் பார்க்கக்கூடாது. வெயில் பச்சையைக் குறைத்துக் காட்டும், டியூப் லைட்டு கூட்டிக் காட்டும். வடக்கு வெளிச்சம் உள்ளதை உள்ளபடி காட்டும். மின்விசிறியை, மாதிரிக் காய் வைக்கும் தட்டுக்கு மேலே மாட்டாமல் தன் முதுகுப் பக்கம் மாட்டச் சொன்னாள், தூசும் காம்பும் பறந்து வருகிறவர் கண்ணில் விழாமல் இருக்க. பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

ஆடிக் கடைசியில் முதல் நாள் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது முதுகு வலி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. கணக்கு நேராக நின்றது. எழுத்துகூட அழகாயிற்று. அன்று காலை அவளுக்கு எல்லாமே சரியாக அமைந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

முதலில் வந்தவர் ஜக்கையன். மலையில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறவர். நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பிவிடப்போகிறார்கள் என்பது போல உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இரண்டு கால்களையும் மேலே தூக்கி நாற்காலியிலேயே குந்திக்கொண்டார்.

“தப்பா நெனைக்காத தாயி. காலெல்லாம் அட்டை கடிச்சுக் கெடக்கு. தொங்கப் போட்டா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“அதுக்கென்னண்ணே, தோதா உக்காருங்க.”

மாதிரிக் காயை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். நல்ல காய். உடைத்து மோந்தாள், புகை வாடை இல்லை. “என்ன வெலை எதிர்பாக்குறீக?” என்று கேட்டாள்.

அதுவரை சுவரோர பெஞ்சில் ஏதோ ஒரு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜக்கையன் கழுத்தைத் திருப்பி அவர்களைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

“நீயே சொல்லு.”

அவள் ஒரு விலையைச் சொன்னாள். குறைவான விலை இல்லை. ஆனால் பெஞ்சில் ஒருவர் செருமினார். இன்னொருவர் நாக்கால் ‘ச்’ கொட்டினார். அது ஏற்றத்துக்கா இறக்கத்துக்கா என்று யாருக்குத் தெரியும்?

“சரி தாயி, மருமகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்று ஜக்கையன் இறங்கினார். மாலையில் அவருடைய மூட்டைகள் சுந்தரராஜ் மண்டித் தராசில் தொங்கின. ஜக்கையனுக்கு மகளே கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் வந்தவர்களும் அப்படித்தான். ஒருவர் அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார், ஒருவருக்கு வயிறு சரியில்லை. ராஜாராம் ஒரு தரம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மேசையையும் ஜன்னலையும் சுவரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு தாயி. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

“நான் அப்பவே சொன்னேன் மதினி” என்றான் சுந்தரராஜ். சாயங்காலங்களில் வந்து பெஞ்சில் உட்காருவதை அவன் வழக்கமாக்கிக்கொண்டிருந்தான். “பொம்பளைகிட்ட யாவாரம் பேச அவுகளுக்குக் கூச்சம். அவுகளக் குத்தம் சொல்லி என்ன செய்ய?”

அவள் அதை நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு தடவை விலையை வாய்விட்டுச் சொல்லும்போதும் தெருவில் நின்று கூப்பிட்டு விற்கிறது போல ஒரு உறுத்தல். அது தனக்கு மட்டும் இருக்கிற உறுத்தல் என்று நினைத்தாள்.

ஆவணியில் ஒரு நாள், மழைக்கு ஒதுங்கிய சுமைக்காரர்களால் பெஞ்சு நிறைந்திருந்த நேரத்தில், சிலமலைக் கருத்தம்மாள் வந்தாள். சரிவில் கொஞ்சம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய் வைத்திருப்பவள். அரை மூட்டையைத் தலையில் வைத்து பஸ்சில் கொண்டுவந்திருந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன வெலை வேணும் சொல்லுங்க” என்றாள் ஞானபாக்கியம்.

“சொல்றேன். கைய நீட்டு.”

அவள் நீட்டினாள். கருத்தம்மாளும் நீட்டினாள். இரண்டு கையும் மேசையின் பாதி தூரத்தைக்கூட எட்டவில்லை. கருத்தம்மாளின் வளையல் பலகையில் மோதிச் சத்தம் எழுப்பியது. அவள் எழுந்தாள். நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்து, மேசையைச் சுற்றிக்கொண்டுவந்து, ஞானபாக்கியத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏத்தா, ஊரே உக்காந்து கேக்க வெலையச் சொல்றதுக்கு நான் என்ன மீனா விக்கிறேன்?”

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் மூடினாள். காய் கிள்ளிக் கறுத்த நகமும் சொரசொரத்த உள்ளங்கையும் ஞானபாக்கியத்தின் கைக்குள் வந்தன. இத்தனை வருஷம் கதவிடுக்கில் பார்த்தது முதல்முறையாக அவள் கையில் நடந்தது. கருத்தம்மாள் ஒரு விரலைப் பிடித்தாள், அடுத்ததைப் பிடித்தாள், நுனிகளைத் தொட்டாள். வெளியே வாய் பஸ் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு டிக்கெட் கேட்டானாம், மூட்டை என்ன ஜன்னல் சீட்டா கேட்டது என்று இவள் கேட்டாளாம். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். ஞானபாக்கியம் ஒரு நுனியை விட்டாள். கருத்தம்மாள் யோசித்து, அவள் விரலை ஒரு தரம் அழுத்தினாள். முடிந்தது.

மூட்டை நிறுக்கப் போன பிறகு ஞானபாக்கியம் தாழ்ந்த குரலில் கேட்டாள். “பொம்பளைக்குப் பொம்பளை சரி. ஆம்பளைக எங்கிட்ட விக்கக் கூசுறாகளே?”

“உங்கிட்ட விக்கவா கூச்சம்? பாலு, புளி, கடலை எல்லாத்தையும் பொம்பளைககிட்டத்தானே போட்டுட்டுப் போறானுக. உன் பெஞ்சைப் பாத்துல்ல கூசுறானுக. எங்கொழுந்தனக் கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டான். கேட்ட வெலை படியலேன்னா மறுநா டீக்கடையில அதான் பேச்சாம். அம்புட்டு கேட்டான், அவ இம்புட்டுதான் குடுத்தா, வேற வழியில்லாம எறங்கிட்டான்னு. அதுக்கு எதிர்வரிசையில வெளிறுன காய் வெலைக்கே வித்துட்டுப் போயிறலாம்கிறான்.”

மழை விட்டு எல்லாரும் போன பிறகு ஞானபாக்கியம் அறையைச் சுற்றிப் போய் வருகிறவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த இடத்தில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. எதிரில் காலியாக இருந்த தன் நாற்காலி உயரமாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வந்தது. அப்படியானால் வருகிறவருக்கு இவள் முகம் இருட்டாகத் தெரிந்திருக்கும். அவர் முகத்தில் ஓடுவது மட்டும் இவளுக்கு ஒன்று விடாமல் தெரிந்திருக்கும். பெஞ்சு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்க்க முடியாது. ஆனால் அங்கே இருக்கிற காதுகளைப் பிடரியில் உணரலாம். கால் தரையில் பட்டும் படாமலும் தொங்கியது.

பேங்கு மேனேஜர் அறை யாருக்காகச் செய்தது என்று அவள் அப்போதுதான் யோசித்தாள். அது கடன் கேட்டு வருகிறவனுக்காகச் செய்தது. அவன் சுருக்கமாகப் பேச வேண்டும், சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். இங்கே வருகிறவர்கள் கேட்டு வருகிறவர்கள் இல்லை, கொண்டுவருகிறவர்கள். அவர்களுடைய காய் இல்லாவிட்டால் இந்த மேசைக்கு வேலையே இல்லை. காய்க்கு எந்த வெளிச்சம், எந்த வாடை ஆகும் ஆகாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவள், காய் கொண்டுவருகிற ஆளுக்கு எது ஆகும் என்று பார்க்கவே இல்லை.

பாயை இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும், அவளைத் தவிர. பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடலாம். ஆனால் ஒரு அறையில் ஒரு ஆணும் அவளும் மட்டும் தனியாக இருந்தால் ஊர் அதற்கு வேறு விலை சொல்லும். சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். பாதிப் பேருக்கு எழுத வராது. வருகிறவர்களுக்கும் எழுதிவிட்டால் அது பத்திரம் மாதிரி, பேச்சு மாதிரி இல்லை. பத்து பேர் பார்க்க உட்கார வேண்டும், ஒருவருக்கும் கேட்கக்கூடாது, கையும் படக்கூடாது. இந்த மூன்றையும் மனதில் புரட்டிக்கொண்டே நாலைந்து நாள் கழிந்தது.

ஒரு காலை பேனா எடுக்க இழுப்பறையை இழுத்தபோது, ஈரத்தில் உப்பியிருந்தது கையோடு முழுதாக வந்துவிட்டது. அது இருந்த பொந்துக்குள் குனிந்து பார்த்தாள். அந்தக் கடைசியில் ஒரு பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மொக்கையனுக்கு ஆள் அனுப்பினாள்.

“எதிர்ப்பக்கப் பலகைய எடுத்துரு. டிராயர் இங்கிட்டும் வரணும், அங்கிட்டும் போகணும். ரெண்டு பக்கமும் பிடி வையி.”

மொக்கையன் மேசைக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தான். “நீங்க பணத்தை வச்சா எதிர்ல இருக்கவன் எடுத்துட்டுப் போயிருவானேக்கா.”

“பணம் வைக்கிறதுக்கு இல்ல.”

“பின்ன?”

“பேசுறதுக்கு.”

அவன் அவளையே பார்த்தான். “தனியா இருந்து இருந்து...” என்று ஏதோ சொல்ல வந்தவன், பென்சிலை எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தான்.

மேசையின் அகலத்தில் ஒரு முழம் போயிற்று. மேசைக் கால்களையும் அறுத்துத் தணித்தான். மேசையைத் திருப்பிப் போட்டாள். இப்போது ஜன்னல் இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் வந்தது. பெஞ்சு யார் முதுகுக்கும் பின்னால் இல்லாமல் எதிர்ச் சுவருக்குப் போயிற்று. வருகிறவருக்கு நாற்காலிக்குப் பதிலாகச் சம்மணம் போடலாம், குந்தலாம், ஒருக்களிக்கலாம் என்கிற மாதிரி அகலமான தாழ்ந்த பலகைக் கட்டில் ஒன்று வந்தது. மேசைப் பலகைக்கு அடியில், பெஞ்சுக்குத் தெரியாதபடி, இழுப்பறையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிண்ணம் வைத்தாள். ஒன்றில் காப்பிக்கொட்டை, ஒன்றில் ஏலக்காய். காப்பிக்கொட்டை பத்து, ஏலக்காய் ஒன்று.

வேடிக்கை பார்க்க முதலில் வந்தவர் ஜக்கையன்தான். கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு இழுப்பறையை நாலு தரம் இழுத்து இழுத்து விட்டார். “பல்லாங்குழியா தாயி?”

“உங்க வெலைய இதுல போட்டுத் தள்ளுங்கண்ணே. எனக்குப் பிடிச்சா அப்பிடியே மூடிருவேன். இல்லேன்னா கூட்டியோ கொறச்சோ திருப்பி அனுப்புவேன். வேணாம்னா ஒண்ணும் போடாம வெறும் டிராயரத் தள்ளிருங்க.”

அவர் கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் என்னவோ செய்தார். தள்ளினார். அவள் பார்த்தாள், இரண்டு ஏலக்காயை எடுத்துக்கொண்டு திருப்பினாள். அவர் ஒன்றைச் சேர்த்துத் தள்ளினார், அவள் அப்படியே மூடினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பலாப் பலகைதான் தெரிந்தது.

“என்னண்ணே, மருமகனக் கேக்க வேணாமா?” என்றாள் அவள்.

ஜக்கையன் வெட்கப்பட்டுச் சிரித்தார். “அவன் கெடக்கான், ஒண்ணும் தெரியாதவன்.”

அதற்குப் பிறகு காய் வந்தது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று சின்னத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். விலை படியாமல் போனவர்களும் உண்டு. ஆனால் போனவர்கள் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். எப்போதும் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இழுப்பறையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சுந்தரராஜ் மட்டும் அசையவில்லை. “சில்லறை வருது மதினி, நான் இல்லேங்கல. ராஜாராமண்ணன் எங்க?” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் எடுப்பு முடிந்துவிட்டது. இரண்டாம் எடுப்பும் பாதி தாண்டிவிட்டது. ராஜாராமின் ஜீப்பு எதிர்வரிசையில்தான் நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் அந்த ஜீப்பு இந்தப் பக்கம் நின்றது. ராஜாராம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். பெஞ்சில் இடம் இல்லை. அங்கே சுந்தரராஜும் இருந்தான். தோளில் துண்டு தயாராகக் கிடந்தது.

“மேல ரோடு போட்டவன் யாருன்னு தெரியலத்தா” என்று ராஜாராம் ஆரம்பித்தார். “ஒரு மழைக்குத் தாங்க மாட்டேங்குது.” பேசிக்கொண்டே மாதிரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பேசிக்கொண்டே இழுப்பறையைத் தள்ளினார்.

காய் அபாரமான காய். அவர் கேட்டதும் அதற்குத் தகுந்த விலை. ஆனால் அந்த விலைக்கு வாங்கினால் வடநாட்டு வியாபாரியிடம் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. மண்டியைக் காப்பாற்றிக்கொள்ள இந்த ஒரு தடவை கொடுத்துவிடலாமா என்று கை கிண்ணத்தின் மேலேயே நின்றது. கொடுத்தால் நாளை எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும். கொடுக்காவிட்டால் நாளையே இருக்காது. அவள் ஒரு காப்பிக்கொட்டையை எடுத்துவிட்டு நாலு ஏலக்காயைப் போட்டாள். அவர் இரண்டு சேர்த்துத் தள்ளினார். அவள் ஒன்றைத் திரும்ப எடுத்தாள். இழுப்பறை போயிற்று, வந்தது. ரோட்டுப் பேச்சு முடிந்து பாலத்துக்கு வந்திருந்தது. கடைசியில் இழுப்பறை வெறுமையாக வந்தது.

“வர்றேன் தாயி” என்று ராஜாராம் எழுந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சுந்தரராஜ் அவர் பின்னாலேயே எழுந்து போனான்.

ஞானபாக்கியம் அடுத்து வந்தவரிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. மகள்களை ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு யோசனை ஓடியது. மாதம் பிறந்தால் வீடு தேடி வரும் என்று அவன் சொன்னது காதில் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சுந்தரராஜ் திரும்பி வந்தான். பெஞ்சில் உட்காராமல் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“என்ன வெலை கேட்டாரு மதினி?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்ட தோரணை வெற்றி பெற்றவனின் தோரணையாக இல்லை.

“உங்ககிட்ட சொல்லலியா?”

“துண்டைப் போட்டேன். கையக் குடுத்துட்டுக் கம்முனு இருக்காரு. நீ சொல்லுங்கிறாரு. நீங்க என்ன சொன்னீகன்னு தெரிஞ்சா ஒரு ரூவா கூட்டிச் சொல்லலாம். சும்மா சொல்லுங்களேன், உங்களுக்குத்தான் படியலேல்ல?”

“பாலத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம் தம்பி.”

அவன் தோளுக்கு அப்பால் தெருவில் ராஜாராமின் ஜீப்பு தெரிந்தது. அது எதிர்வரிசையிலும் இல்லை, இந்த வரிசையிலும் இல்லை, டீக்கடை ஓரமாக நின்றது. மூட்டைகள் இறங்கவில்லை. அவள் முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். அவர் என்ன கேட்டார், எவ்வளவு இறங்கினார், யார் வேண்டாம் என்றது என்று இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். திரும்பி வந்து உட்காருவதில் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஒரு ஏலக்காய் கூட்டிக் கொடுப்பதில் அவளுக்கும் இல்லை.

ராஜாராம் டீயைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏதோ மறந்துவிட்டுப் போனதை எடுக்க வந்தவர் போலக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“அந்தப் பாலத்துக்கு மனுக் குடுத்தாத்தான் நடக்கும்போல” என்றார்.

இழுப்பறை வந்தது. கடைசியாகக் கேட்டதிலிருந்து அவர் இரண்டு இறங்கியிருந்தார். அவள் கிண்ணத்திலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து அதோடு சேர்த்துத் திருப்பித் தள்ளினாள். இறங்கியவருக்கு ஒன்று ஏற்றிக் கொடுத்ததை அவர் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ரோட்டையும் பாலத்தையும் மறந்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு இழுப்பறையை மூடினார்.

“எறக்கச் சொல்லு தாயி.”

பெஞ்சு கலைந்தது. சுமைக்காரர்கள் வெளியே போனார்கள். சுந்தரராஜ் ராஜாராமை மறித்தான். “எம்புட்டுக்கு முடிஞ்சுச்சுண்ணே?”

“ரோடு சரியில்ல சுந்தரராசு” என்று சொல்லிவிட்டு அவர் மூட்டை இறங்குவதைப் பார்க்கப் போனார்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அறை முழுக்க ஏலக்காயின் வாசம் எழுந்தது. சுந்தரராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நாளைக்கு நான் வரணுமா மதினி?”

“வேணாம் தம்பி. உங்க மண்டிச் சோலியப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டுச் சாப்பிட வாங்க, பிள்ளைகளும் வருதுக.”

அவன் தலையாட்டினான். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினான். “வெலைய மட்டுமாச்சும் சொல்லலாம்ல. நானும் இந்தக் குடும்பந்தானே.”

அவள் அவனுக்கு அந்தக் கட்டிலைக் காட்டினாள். “காய் கொண்டாந்திருந்தா உக்காருங்க, பேசுவோம்.”

சுந்தரராஜுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, அவனையும் மீறி, சிரிப்பு வந்துவிட்டது. மூட்டைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்து, தெருவைக் கடந்து போனான். ஞானபாக்கியம் தராசுப் பக்கம் திரும்பி, முதல் மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள்.